மலை ஏரி தூர்ந்துபோகிறதா? முதலில் மதகு எப்போது திறக்கிறது என்று பாருங்கள்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலையில் ஓர் இயற்கை ஏரி. அதில் வந்து சேரும் ஆற்றின் மேற்பகுதியில் நீர்மின் திட்டத்தின் அணை. சில ஆண்டுகளாக ஆறு ஏரியில் விழும் முனை மேடு தட்டிக்கொண்டே வருகிறது. மழையில்லாத நாட்களிலும் தண்ணீர் கலங்கலாகவே கிடக்கிறது. தூர்வாரினால் சரியாகிவிடுமா, வேறு ஏதாவது செய்ய வேண்டுமா?

தூர்வாருவதை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். அதற்கும் ஓர் இடம் உண்டு, பிறகு வருகிறேன். வண்டல் ஏரிக்குள் எந்த மாதம், எந்த நேரம், எவ்வளவு வருகிறது என்பதை அணையின் இயக்கம்தான் தீர்மானிக்கிறது. அதை மாற்றாமல் அடியில் கிடப்பதை அள்ளினால் ஆண்டுதோறும் அள்ளிக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

அணை இல்லாதபோது என்ன நடந்திருக்கும் என்று பார்ப்போம். மலை ஆறு தன் ஆண்டு வண்டலில் பெரும்பகுதியை ஒரு சில வெள்ள நாட்களில் கொண்டுவந்துவிடும். நீரோட்டம் இரண்டு மடங்கானால் அது சுமக்கும் மண் இரண்டு மடங்கோடு நிற்பதில்லை. நான்கு முதல் எட்டு மடங்கு வரை போகும். அப்படி வரும் வெள்ள நீர் குளிர்ச்சியாகவும் மண் சேர்ந்து கனமாகவும் இருப்பதால், பல ஏரிகளில் மேலே பரவாமல் கரைச் சரிவை ஒட்டி நேராக ஆழத்துக்கு இறங்கிவிடும். ஜெனீவா ஏரிக்குள் ரோன் ஆறு இப்படி அடியில் இறங்கி, ஏரித் தரையிலேயே பள்ளத்தாக்கு வெட்டியிருப்பதை சுவிஸ் ஏரி ஆய்வாளர் ஃபோரெல் 19-ஆம் நூற்றாண்டிலேயே விவரித்தார். சில நாள் கலங்கல், பிறகு நீண்ட தெளிவு. ஏரியில் வாழும் உயிர்கள் இந்த ஒழுங்குக்குத்தான் பழகியிருக்கின்றன.

நடுவில் அணை வந்ததும் இந்த ஒழுங்கு கலைகிறது. சரளையும் மணலும் அணைக்குள்ளேயே தங்கிவிடும். மாவு போன்ற நுண்துகள்கள் தங்காது. அவை டர்பைன் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆண்டு முழுவதும் வெளியேறும். ஏன் தங்குவதில்லை என்பதற்கு ஒரு கணக்கு போதும். 0.2 மில்லிமீட்டர் மணல் துகள் அசையாத நீரில் ஒரு மீட்டர் இறங்க ஒரு நிமிடம்கூட ஆகாது. 0.01 மில்லிமீட்டர் துகளுக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம். ஆயிரத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள களிமண் துகளுக்கோ ஒரு மீட்டருக்கே 13 நாட்கள். இதெல்லாம் 20 டிகிரி வெப்பத்தில் உள்ள நீருக்கு. மலைத் தண்ணீர் 5 டிகிரியில் இருந்தால் தண்ணீரின் பிசுக்கு கூடி, கடைசிக் கணக்கு 20 நாட்களை நெருங்கும். ஐம்பது மீட்டர் ஆழமான ஏரியில் அந்தத் துகள் எப்போது அடியைத் தொடும் என்று யோசித்துப் பாருங்கள். மழை நின்று பல வாரம் கழித்தும் தண்ணீர் தெளியாமல் இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

சுவிட்சர்லாந்தின் பிரியன்ஸ் ஏரியில் இது நன்றாக ஆராயப்பட்டிருக்கிறது. ஆரே ஆற்றின் தலைப்பகுதியில் கிரிம்செல், ஓபரார் முதலிய அணைகள். பனிப்பாறை அரைத்துத் தரும் வண்டலில் பெரும்பகுதியை இந்த நீர்த்தேக்கங்கள் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அதனால் கோடையில் ஏரிக்கு வரும் கலங்கல் குறைந்தது. ஆனால் முன்பெல்லாம் தெளிவாக இருந்த குளிர்காலத்தில் கலங்கல் கூடியது, ஏனென்றால் மின்சாரத் தேவைக்காகக் குளிர்காலத்தில்தான் நிறைய நீர் திறக்கப்படுகிறது. 1999-இல் அந்த ஏரியில் மீன்பிடிப்பு திடீரென்று விழுந்தபோது அணைகள்மீதுதான் முதலில் சந்தேகம் விழுந்தது. விரிவாக ஆராய்ந்தபோது முதன்மைக் காரணம் வேறாக இருந்தது. கழிவுநீர் சுத்திகரிப்பு மேம்பட்டதில் பாஸ்பரஸ் குறைந்து, மீன்களுக்கான உணவுச் சங்கிலியே மெலிந்திருந்தது. இதை நான் வேண்டுமென்றே சொல்கிறேன். உங்கள் ஏரியில் தெரியும் ஒவ்வொரு கெடுதலையும் மின் நிலையத்தின் தலையில் ஏற்றினால், ஒன்று பொய்யென்று நிரூபணமானதும் உண்மையான மற்றவையும் எடுபடாமல் போகும்.

சரி, மின் நிலையம் உண்மையிலேயே காரணமாகும் வழிகள் எவை? என் கணிப்பில் முதலிடம், அணையைக் கழுவிவிடுவதற்கு. தேக்கத்தில் சேர்ந்த வண்டலை அடிமதகு வழியாக மொத்தமாக வெளியேற்றுவதைத்தான் சொல்கிறேன். அடுத்தது நீர்மட்டத்தை ஏற்றி இறக்குவது. இயற்கை ஏரியையே தேக்கமாகப் பயன்படுத்தி, பருவத்துக்குப் பருவம் சில மீட்டர் ஏற்றி இறக்கினால், நீர் இறங்கியதும் ஆறு தன் முனையில் படிந்த பழைய வண்டலையே அறுத்து ஆழத்துக்குத் தள்ளும். வெறுமையான கரையை அலை அரிக்கும். வேகமாக இறக்கினால் இன்னொரு ஆபத்தும் உண்டு: கரை மண்ணுக்குள் ஊறிய நீர் அதே வேகத்தில் வடிய முடியாது, உள்ளிருந்து தள்ளும் அழுத்தத்தில் கரையே சரிந்து விழும். பிறகு, மின்தேவை உச்ச நேரங்களில் தினமும் ஓரிரு முறை நீரை அலையாகத் திறப்பது. அது ஆற்றுப் படுகையில் ஓய்ந்து கிடக்கும் நுண்மண்ணை மீண்டும் மீண்டும் கிளப்பும்.

அணை ஏரிக்கு மேலேதான் இருக்க வேண்டும் என்பதில்லை. மணிப்பூரின் லோக்தாக் ஏரிக்குக் கீழே, மணிப்பூர் ஆற்றில் 1983-இல் இதாய் தடுப்பணை வந்தது; 105 மெகாவாட் லோக்தாக் நீர்மின் நிலையத்துக்காக ஏரியின் நீர்மட்டத்தை ஆண்டு முழுவதும் உயர்த்தி வைப்பதற்காக. அதற்கு முன் மழைக்காலத்தில் நீர் ஏறும், கோடையில் வடியும். வடியும் நீர் வண்டலையும் ஃபும்டி எனப்படும் மிதக்கும் தாவரத் திட்டுகளையும் கோர்டக் கால்வாய் வழியாக இழுத்துக்கொண்டு போகும். தடுப்பணை வந்ததும் அந்த வடிகால் நின்றது. ஓடைகள் கொண்டுவரும் மண் உள்ளேயே தங்கியது. கோடையில் தரைதட்டி ஊட்டம் எடுத்துக்கொண்டிருந்த ஃபும்டித் திட்டுகள் எப்போதும் மிதந்தே இருந்ததால் மெலிந்தன. அவற்றின்மேல் நடமாடும் சங்காய் மானுக்குக் கால் ஊன்ற இடம் குறைந்தது. 1993-இல் இந்த ஏரி மோண்ட்ரூ பதிவேட்டில், அதாவது ஆபத்தான மாற்றத்துக்கு உள்ளான ராம்சார் தலங்களின் (உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின்) பட்டியலில் சேர்ந்தது. ஏரிக்குள் வரும் மண்ணைப் போலவே, வெளியேற முடியாமல் தங்கும் மண்ணையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரியவில்லை.

அமெரிக்காவின் கொலராடோவில் கிராண்ட் ஏரி. அந்த மாநிலத்தின் மிகப்பெரிய, மிக ஆழமான இயற்கை ஏரி. மலைத்தொடரின் கிழக்குப் பக்கத்துக்கு நீர் கொண்டுபோகும் திட்டத்தில் இது ஒரு வழித்தடமாகிவிட்டது. கீழே உள்ள கிரான்பி தேக்கத்திலிருந்து நீரை மேலேற்றி, ஷேடோ மவுண்டன் என்ற ஆழம் குறைந்த தேக்கத்தின் வழியாக ஏரிக்குள் செலுத்தி, அங்கிருந்து 21 கிலோமீட்டர் சுரங்கத்தில் அனுப்புகிறார்கள். மறுபுறம் இறங்கும் வழியில் அந்த நீரிலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள். பம்ப் ஓடும்போது ஏரியின் இயற்கையான ஓட்டமே திசை மாறுகிறது. வெளியேற வேண்டிய வாயிலில் ஆழமற்ற தேக்கத்தின் பாசியும் நுண்மண்ணும் உள்ளே வருகின்றன. 1941-இல், திட்டம் இயங்கத் தொடங்கும் முன், அங்கே 9.2 மீட்டர் ஆழம் வரை, நீரின் தெளிவை அளக்க இறக்கும் வெண்தட்டு கண்ணுக்குத் தெரிந்ததாக அளந்து வைத்திருக்கிறார்கள். அந்த ஒற்றை அளவீடு இன்றுவரை வாதத்தின் ஆணிவேராக நிற்கிறது. பம்ப் நேரத்தை மாற்றினால் தெளிவு எவ்வளவு மீளும் என்று சோதித்தார்கள். கோடைக்கான தெளிவு இலக்கை மீட்டர் கணக்கில் எண்ணாகவே எழுதி வைத்தார்கள். ‘ஏரி சுத்தமாக இருக்க வேண்டும்’ என்று மட்டும் எழுதியிருந்தால் யாரையும் எதற்கும் பிடிக்க முடியாது.

ஆகவே நீங்கள் இன்றே தொடங்கக்கூடியது அளவீடு. வெண்தட்டு என்று சொன்னேனே, அது செக்கி என்ற இத்தாலிய அறிவியலாளர் 1865-இல் பயன்படுத்திய எளிய கருவி. 20 முதல் 30 சென்டிமீட்டர் அகலமுள்ள தட்டைக் கயிற்றில் கட்டி, படகின் நிழல் பக்கமாக இறக்குங்கள். கண்ணிலிருந்து மறையும் ஆழத்தைக் குறியுங்கள். மெல்ல மேலே இழுத்து, மீண்டும் தெரியும் ஆழத்தையும் குறியுங்கள். இரண்டின் சராசரிதான் அன்றைய தெளிவு. எப்போதும் அதே இடம், ஏறத்தாழ அதே வேளை, முடிந்தால் அதே ஆள். கூடவே ஆற்று நீரையும் எடுக்க வேண்டும்: மின் நிலையம் நீர் விடும் இடத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, அணையே இல்லாத பக்கத்து ஓடையில் இன்னொன்று. இந்த மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். ‘அந்த வாரம் மலை முழுக்க மழை, அதனால்தான் கலங்கல்’ என்ற பதில் வரும்போது, அணையில்லாத ஓடை தெளிவாக ஓடியதைக் காட்ட அது ஒன்றுதான் கையில் இருக்கும்.

அப்புறம் நான்கு கோடுகளை ஒரே தாளில் வரையுங்கள்: மழை, ஆற்றின் நீரோட்டம், கலங்கல், மின் உற்பத்தி அல்லது மதகு திறந்த நேரம். மழையோடு எழும் கலங்கல் இயற்கையானது. மழையே இல்லாமல், உற்பத்தி ஏறிய சில மணி நேரத்தில் எழும் கலங்கலுக்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை. மணிவாரியான மதகு விவரம் கிடைப்பது கடினம், ஆனால் போராட வேண்டியது இதற்குத்தான். அதிகாரிகள் பெரும்பாலும் தருவது மாதச் சராசரி. மாதச் சராசரியில் எந்தக் கழுவிவிடுதலும் தெரியாது.

பழைய காலத்தோடு ஒப்பிட அளவீடே இல்லையென்றால் ஏரியின் அடியே ஒரு பதிவேடு. நீளமான குழாயைச் செருகி எடுக்கும் மண் உருளையில் சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருளின் அளவைப் பார்ப்பார்கள். வளிமண்டல அணுகுண்டுச் சோதனைகளின் உச்சமான 1963-ஐ ஒட்டி ஓர் அடுக்கில் அது தூக்கலாகத் தெரியும். ஐரோப்பாவில் 1986-க்கும், அதாவது செர்னோபில் அணு உலை விபத்துக்கும், ஓர் அடுக்கு உண்டு. அணை கட்டும் முன் ஆண்டுக்கு எத்தனை மில்லிமீட்டர் படிந்தது, கட்டிய பின் எத்தனை என்பதை இப்படிப் பிரித்துவிடலாம். பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றின் துணை வேண்டும், ஆனால் செய்யக்கூடியதே.

இனி, அணைக்காரர்களிடம் என்ன கேட்பது? கழுவிவிடவே கூடாது என்று கேட்காதீர்கள். ஜப்பானின் குரோபே ஆற்றில் தஷிதைரா அணை 1985-இல் கட்டி முடிந்தது. முதல் முறை கழுவிவிட்டது 1991 டிசம்பரில். இடைப்பட்ட ஆண்டுகளில் சேறோடு சேர்ந்து இலைதழையும் அழுகி, ஆக்ஸிஜன் இல்லாத கருஞ்சேறாகியிருந்தது. அது துர்நாற்றத்தோடு இறங்கி தோயாமா விரிகுடா வரை போய் மீன்வளத்தைப் பாதித்தது. 2001 முதல், கீழே புதிதாகக் கட்டிய உனாசுகி அணையோடு சேர்த்து, கோடை வெள்ளம் வரும்போது மட்டும் இரண்டையும் ஒருங்கே கழுவுகிறார்கள். ஆறு தானே கலங்கி ஓடும் நாளில், சேறு அழுகுமுன், சிறிது சிறிதாக வெளியேற்றுவதுதான் நல்ல வழி. பல ஆண்டு அடக்கி வைத்து, நீர் குறைவான பருவத்தில் ஒரேயடியாகத் திறப்பதைவிடக் கெட்டது வேறில்லை.

எவ்வளவு கலங்கல் வரை பொறுக்கலாம் என்பதற்கும் முன்மாதிரி இருக்கிறது. பிரான்ஸின் ரோன் ஆற்றில் ஜெனிசியா அணையிலிருந்து 1978-இல் நடந்த கழுவிவிடுதல் மீன்களைக் கொத்துக்கொத்தாகக் கொன்றது. அதற்குப் பின் வந்த வரம்பு மூன்று அடுக்குள்ளது: முழு நடவடிக்கைக்கும் சராசரி லிட்டருக்கு 5 கிராம், எந்த 6 மணி நேரத்திலும் சராசரி 10 கிராம், எந்த அரை மணி நேரத்திலும் 15 கிராம். அணையில் அடிமதகு, நடுமதகு, மேல்வழி மூன்றும் இருப்பதால் சேற்று நீரோடு தெளிந்த நீரைக் கலந்து இந்த அளவுக்குள் நிறுத்துகிறார்கள். மீனுக்கு எவ்வளவு சேறு என்பதோடு எவ்வளவு நேரம் என்பதும் சேர்ந்துதான் தீங்கு. அதனால்தான் ஓர் எண் போதாமல் மூன்று. இந்த எண்களை அப்படியே எடுக்காதீர்கள். அது பெரிய ஆறு. தெளிந்த மலை ஏரிக்கு வரம்பு இதைவிடக் கடுமையாக இருக்க வேண்டும். கட்டமைப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே, கழுவி முடித்ததும் சில மணி நேரம் தெளிந்த நீரை விட்டு, ஆற்றுச் சரளையில் படிந்த நுண்மண்ணை அலசிவிட வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். மீன்கள் முட்டையிடும் இடம் அந்தச் சரளைதான். முட்டையிடும் பருவத்தில் மதகைத் தொடவே கூடாது.

புறவழிச் சுரங்கம் பற்றி நிச்சயம் யாராவது சொல்வார்கள். வெள்ளத்தில் வரும் வண்டலைத் தேக்கத்துக்குள் விடாமல் சுற்றிக் கொண்டுபோய் அணைக்குக் கீழே விடும் சுரங்கம். ஜப்பானின் அசாஹி அணையில் 1998 முதல் 2,350 மீட்டர் நீளத்தில் ஒன்று இயங்குகிறது. சுவிட்சர்லாந்தின் சோலிஸ் அணையில் 2012-இல் ஒன்று வந்தது. அணைக்கும் கீழுள்ள ஆற்றுக்கும் அருமையான ஏற்பாடு. ஆனால் கீழே சில கிலோமீட்டரில் உங்கள் ஏரி இருந்தால், அந்த வண்டல் முழுவதும் போய்ச் சேரும் இடம் ஏரிதான். சுவிட்சர்லாந்திலேயே 1714-இல் கான்டர் ஆற்றைத் தூன் ஏரிக்குள் திருப்பிவிட்டார்கள். அது ஏரிக்குள் புதிதாக ஒரு கழிமுகத்தையே கட்டிவிட்டது. நிபுணர்கள் ‘வண்டல் மேலாண்மை’ என்று சொன்னால், யாருடைய வண்டல், எங்கே போகும் என்று கேளுங்கள். தேக்கத்தின் கொள்ளளவைக் காப்பதும் ஏரியைக் காப்பதும் பல நேரம் எதிரெதிர் நோக்கங்கள்.

தூர்வாருவதற்கு வருவோம். ஆறு ஏரியில் நுழையும் முன் வாய்க்காலை அகலப்படுத்தி ஒரு படிவுக் குழி அமைத்தால், ஓட்டம் தளர்ந்து மணலும் சரளையும் அங்கேயே நிற்கும். அதை ஒவ்வோர் ஆண்டும் வறண்ட பருவத்தில் அள்ளலாம். வண்டி போக வழி இருக்கும், மண்ணைக் கட்டுமானத்துக்கும் எடுத்துக்கொள்வார்கள். தூர்வாருவது பயன்படும் இடம் இதுதான். மேலே சொன்ன இறங்கும் கணக்கின்படி களிமண் துகளை எந்தக் குழியும் நிறுத்தாது என்பதையும் மறக்க வேண்டாம். ஏரியின் நடுவில் அள்ளுவது வேறு கதை. 50,000 கன மீட்டர் அள்ளினால், லாரிக்கு 10 கன மீட்டர் என்று வைத்தாலும் 5,000 நடை. ஈரச் சேறு வடிய இடம் வேண்டும், அந்த வடிநீர் ஏரிக்கே திரும்பாமல் பார்க்க வேண்டும். அடியில் அடங்கிக் கிடந்த பாஸ்பரஸ் கிளம்பி மறு பருவமே பாசி பூத்தாலும் பூக்கும்.

மின் நிலையத்தின் சாலைகளையும் ஒருமுறை நடந்து பாருங்கள். சுரங்கம் தோண்டிய கற்குவியல் சரிவில் கொட்டப்பட்டுக் கிடக்கும், தாங்குசுவர் பிளந்திருக்கும், சாலை வடிகால் நேராக ஓடையில் விழும். கட்டுமானம் முடிந்து பல ஆண்டுகள் ஆன பின்னும் ஒவ்வொரு மழையிலும் இவை மண்ணை அனுப்பிக்கொண்டே இருக்கும். மதகு இயக்கத்தை மாற்ற ஆண்டுகள் ஆகலாம். குவியலுக்குக் கால்சுவர் கட்டிப் புல் வளர்க்க ஒரு பருவம் போதும்.

கடைசியாக, இதையெல்லாம் எந்தத் தாளில் எழுத வைப்பது என்பது. வாய்மொழி உறுதி அடுத்த அதிகாரி வரும்வரைதான் நிற்கும். சுவிட்சர்லாந்தில் 2011-இல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம் நீர்மின் நிலையங்களால் கெட்ட வண்டல் ஓட்டத்தையும் திடீர் நீர் அலைகளையும் 2030-க்குள் சரிசெய்யச் சொல்கிறது. செலவுக்கு மின் கட்டணத்திலேயே சிறு தீர்வை உண்டு. அப்படிச் சட்டம் இல்லாத இடத்தில் இருக்கும் ஒரே பிடி இயக்க உரிமம். அமெரிக்காவில் இது பொதுவாக 30 முதல் 50 ஆண்டுகளுக்குத் தரப்படுகிறது. புதுப்பிக்கும் நடைமுறையை காலாவதிக்கு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் முன்பே தொடங்கியாக வேண்டும், என்னென்ன ஆய்வுகள் வேண்டும் என்று பொதுமக்கள் கேட்பதும் அப்போதுதான். உங்கள் மின் நிலையத்தின் உரிமமோ ஒப்பந்தமோ எந்த ஆண்டு முடிகிறது என்று இந்த வாரமே கண்டுபிடியுங்கள். அந்த மேசைக்குப் போகும்போது குறைந்தது மூன்று மழைக்காலங்களின் அளவீடு கையில் இருக்க வேண்டும். அதற்கேற்ப வெண்தட்டை எப்போது முதல்முறை இறக்குவது என்று பின்னோக்கி எண்ணிக்கொள்ளுங்கள்.